பழைய வீடும் புதிய விலையும்

(இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி)

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்” என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இடிந்த வீட்டை வாங்கித் திருத்தி விற்றுப்பார் என்று எவரும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் அதையும் இருமுறை செய்து பார்த்துவிட்டோம். முதல் முறை கைப்பொருள் போயிற்று. இரண்டாம் முறை பிழைத்தோம். இரண்டுக்கும் நடுவில் நான் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் படிக்கத் தொடங்கியிருந்தேன். அந்த வேதியியலுக்கும் சுவருக்கும் உள்ள உறவைச் சொல்லவே இக்கட்டுரை.

என் தந்தை கொத்தனார், தாய் சித்தாள். 2019-இல் சேமிப்போடு கடனையும் சேர்த்து ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினார்கள். செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் வைத்துக் கட்டிய சுவர். அடிப்பகுதி பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. “பார்வையாக இருந்தால்தான் விலை போகும்” என்றார் தரகர். இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசி, பளபளவென்று வண்ணம் அடித்தோம். முன்பணமும் வந்துவிட்டது. பிறகு ஐப்பசி மழை வந்தது. சிமெண்ட் பூச்சுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த இடத்தில் ஓதம் ஏறியது. பூச்சு அப்பளம் போல உப்பிப் பெயர்ந்தது. முன்பணம் கொடுத்தவர் திருப்பிக் கேட்டார். கடைசியில் வெறும் மனைக்கு என்ன விலையோ அதற்கே தள்ளிவிட்டோம். அம்மாவின் தோடு அடகுக் கடையிலேயே தங்கிவிட்டது.

அந்தச் சுவர் ஏன் எங்களைக் கைவிட்டது? விடை சுண்ணாம்பில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. நீர் ஊற்றினால் அது கொதித்து நீறுகிறது. மணலோடு கலந்து சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே, அதாவது கல்லாகவே, மாறுகிறது. சூளையில் விட்ட மூச்சைச் சுவரில் திரும்ப இழுத்துக்கொள்கிறது எனலாம். இப்படி இறுகிய பூச்சில் நுண்துளைகள் ஏராளம். சுவருக்குள் வந்த ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிப் போய்விடும்.

1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட் வேறு இனம். அது நீரோடு வினைபுரிந்து கெட்டியாக இறுகுவது. பழைய வீடுகளில் அடித்தளத்துக்கு மேலே ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. நிலத்து நீர் நுண்புழை ஏற்றத்தால் செங்கல்லில் ஏறுகிறது. உப்புகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வெளியேறும் வழியைச் சிமெண்டால் அடைத்தால் நீர் இன்னும் மேலே போகும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, அதைத் தள்ளி விழச்செய்யும். நாங்கள் கைக்காசு போட்டுச் செய்தது இதைத்தான்.

2024 ஜூலையில் அப்பா மறுபடி ஒரு வீடு பார்த்தார். அம்மா பேசவில்லை. அடிச்சுவரில் பூத்திருந்த உப்பை நான் சுரண்டி மருந்துப் புட்டியில் போட்டு எடுத்துவந்து, பேராசிரியரின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்தில் சோதித்தேன். பேரியம் குளோரைடும் வெண்மை வீழ்படிவு தந்தது, சில்வர் நைட்ரேட்டும் தந்தது. ஆக சல்பேட், குளோரைடு இரண்டும் உண்டு. எடுத்த மதிப்பெண்ணைவிட அந்த இரண்டு வீழ்படிவுகளைத்தான் அப்பா மதித்தார்.

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்த்தபின் 9,00,000 ரூபாய்க்கு முடிந்தது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 81,000 ரூபாய். (10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறையும் என்ற சலுகை 2025 ஏப்ரலில்தான் வந்தது. நாங்கள் ஒன்பது மாதம் முந்திவிட்டோம்!) எழுத்துக்கூலி முதலியவை 12,000.

இம்முறை முதல் செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஓட்டைப் பிரித்து, கரையான் அரித்த ரீப்பர்களை மாற்றி, உடையாத ஓடுகளையே திரும்ப வேய்ந்தோம். தெரு மேடாகி மேடாகி வீடு பள்ளத்தில் இருந்தது; தண்ணீர் சுவரடியில் நிற்காமல் ஓட வாய்க்கால் வெட்டினோம். அதன்பின் சுவரைத் தொடவே இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் மழையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். எந்தச் சுவர் நனைகிறது என்று மழையைப் போலக் காட்டிக்கொடுப்பவர் யாருமில்லை. அந்த நாட்களில் உள்வேலை நடந்தது. தை பிறந்ததும் பழைய பூச்சைக் கொத்தி, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி (கழுவினால் கரைந்து உள்ளேயே போகும்), சுண்ணாம்புக் கலவையே பூசினோம். கடுக்காய் ஊறிய நீரைக் கலவையில் சேர்க்கும் பழக்கத்தைத் தாத்தாவிடம் கற்றதாக அப்பா சொன்னார். மின்கம்பி, கதவு, வெள்ளையடிப்பு பற்றி எழுத ஒன்றுமில்லை.

பங்குனியில் வீடு பார்க்க ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். வடக்கு மூலையில் மட்டும் ஓதம் முழுதும் போகவில்லை. வெயில் காலம், பார்த்தால் தெரியாது. தரகர் கண்ணைக் காட்டினார். அப்பா, “ஐயா, இந்த மூலையில் கார்த்திகை மாதம் ஈரம் வரும். அதற்குத் தகுந்தபடி விலை சொல்லுங்கள்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆசிரியர் 15,000 குறைத்து 13,75,000 ரூபாய்க்குப் பேசி முடித்தார்.

கணக்கு எழுதும் வேலை என்னுடையது. வேலைச் செலவு: கூரை 68,000, வாய்க்காலும் கழிப்பறையும் 54,000, சுவர் 47,000, மின்சாரம் 31,000, கதவும் வெள்ளையும் 22,000, ஆக 2,22,000. தரகு 15,000. நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் மூன்று லட்சத்துக்கு ஒன்பது மாத வட்டி 40,500. எல்லாம் போக மிச்சம் 1,04,500. (24 மாதத்துக்குள் விற்றதால் இந்த ஆதாயம் ஆண்டு வருமானத்தோடு சேரும்.)

பிறகு ஒன்று உறைத்தது. அப்பாவின் 62 நாள், தச்சு வேலை செய்த சித்தப்பாவின் 20 நாள், அம்மாவின் 40 நாள், எதற்கும் கூலி எழுதவில்லை. அவர்களுக்கு ஆயிரமும் அம்மாவுக்கு ஐந்நூறும் வைத்தால் 1,02,000. லாபம் 2,500 ரூபாய்!

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “பாப்பா, கார்த்திகை மழையில் எனக்கு வேறு எவன் கூலி கொடுத்திருப்பான்?” என்றார். அம்மா நோட்டை வாங்கி, தன் 40 நாளுக்கு நேரே விரலை வைத்து, “எனக்கும் ஆயிரம் போடு” என்றாள். போட்டேன். 17,500 ரூபாய் நட்டம்.

அடுத்த வீட்டுக்கு அந்தக் கணக்கோடுதான் விலை பேசப் போகிறோம்.