கண்காணிப்புக் கேமரா பதிவுகளும் வன்தட்டுச் சேமிப்பும்

வீடுகளில் பொருத்தப்படும் கண்காணிப்புக் கேமராக்களின் காட்சிகள், பதிவுப் பெட்டிக்குள் இருக்கும் வன்தட்டில் சேமிக்கப்படுகின்றன. பேச்சுவழக்கில் இது ஹார்டு டிஸ்க் எனப்படுகிறது. கோஆக்சியல் கம்பி வழியாகக் காட்சி அனுப்பும் கேமராக்களுக்கான பெட்டி டி.வி.ஆர். என்றும், வலையமைப்பு வழியாக அனுப்பும் ஐ.பி. கேமராக்களுக்கான பெட்டி என்.வி.ஆர். என்றும் அழைக்கப்படும். இரண்டிலும் சேமிப்பு முறை ஒன்றுதான். வன்தட்டு நிறைந்ததும் பெட்டி மிகப் பழைய காட்சியை அழித்து, அந்த இடத்தில் புதியதை எழுதுகிறது.

இந்தச் சுழற்சி சத்தமில்லாமல் நடப்பதால், தம் வீட்டுப் பதிவு எத்தனை நாள் பின்னோக்கிச் செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பத்து நாள் வெளியூர் சென்று திரும்பிய குடும்பம், பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பதிவைத் தேடுகிறது என்று கொள்வோம். திருட்டு முதல் நாளே நடந்திருந்து, வன்தட்டு ஆறு நாள் காட்சியை மட்டுமே தாங்கும் என்றால், தேவையான காட்சி நான்கு நாள்களுக்கு முன்பே அழிந்திருக்கும். கேமராக்கள் நன்றாகவே வேலை செய்திருக்கும்.

எத்தனை நாள் தாங்கும்?

இதைக் கணக்கிடத் தேவையான எண் பிட் வீதம், அதாவது கேமரா ஒரு நொடியில் அனுப்பும் தரவின் அளவு. இது பெட்டியின் காட்சி அமைப்புப் பகுதியில் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாகக் காட்டப்படும். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவு செய்தால் ஒரு நாளுக்கு 10.8 கிகாபைட் ஆகும். மற்றவையெல்லாம் இதன் பெருக்கமே.

நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒன்று நாளொன்றுக்கு 43.2 கிகாபைட் எடுத்துக்கொள்ளும். அத்தகைய நான்கு கேமராக்களுக்கு 172.8 கிகாபைட். எனவே 1 டெராபைட் வன்தட்டு ஆறு நாள்கூட முழுதாகத் தாங்காது. பிட் வீதத்தை 2 மெகாபிட்டாகக் குறைத்தால் ஏறத்தாழ பதினொன்றரை நாள் கிடைக்கும். அதே வீதத்தில் 30 நாள் வேண்டுமானால் சுமார் 2.6 டெராபைட் தேவைப்படும்; கடையில் 4 டெராபைட் தட்டு வாங்குவது பொருத்தம். பதிவுப் பெட்டி இல்லாமல் மெமரி கார்டில் சேமிக்கும் வைஃபை கேமராக்களுக்கும் இதே கணக்குதான்: 2 மெகாபிட் வீதத்தில் 128 கிகாபைட் கார்டு ஆறு நாளைக்குள் நிறைந்துவிடும்.

பெட்டியின் திரையில் 1 டெராபைட் தட்டு 931 கிகாபைட் என்று தெரிவது குறைபாடு அன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் கருவி 1024இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்புகள்

காட்சிச் சுருக்க முறையை மாற்றுவது முதல் வழி. 2003இல் வந்த எச்.264 முறையைவிட 2013இல் வந்த எச்.265 முறை, ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி அளவுத் தரவில் தர வல்லது. கேமரா, பெட்டி இரண்டுமே அதை ஏற்க வேண்டும். இரண்டாவது, நொடிக்கு 25 படம் எடுப்பதை 12 அல்லது 15 ஆகக் குறைப்பது. வாசலில் நடந்து வருபவரை அடையாளம் காண இதுவே போதும். இவற்றைச் செய்யாமல் பிட் வீதத்தை மட்டும் வெட்டிக் குறைத்தால் நாள் கூடும். ஆனால் ஆள் வந்தது தெரிந்தும் முகம் தெரியாத காட்சிகளே மிஞ்சும். முப்பது நாள் மங்கல் படத்தைவிடப் பதினைந்து நாள் தெளிவான படம் பயனுள்ளது.

மூன்றாவது வழி, அசைவு தென்படும்போது மட்டும் பதிவு செய்வது. ஆளரவம் இல்லாத பின்கட்டில் இது நிறைய இடத்தை மிச்சப்படுத்தும். தெருவைப் பார்க்கும் கேமராவில் அவ்வளவு பயன் இராது, ஏனெனில் அங்கே அசைவு ஓய்வதில்லை. இரவில் வேறொரு தொல்லை உண்டு. கேமராவின் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வந்து கண்ணாடியின் முன்னேயே வலை பின்னும். காற்றில் அந்த வலை ஆடும்போதெல்லாம் கருவி அதை அசைவு என்று எடுத்துக்கொள்ளும். மழைத்தாரையும் கொடியில் காயும் துணியும் இதே வேலையைச் செய்யும். மங்கிய ஒளியில் படத்தில் தோன்றும் புள்ளி இரைச்சலும், மாறும் பிட் வீத அமைப்பில் தரவின் அளவைக் கூட்டிவிடும். கேமரா முகப்பை மாதம் ஒருமுறை துணியால் துடைப்பது ஒரு சேமிப்பு மேலாண்மைதான்!

அசைவுப் பதிவை வைத்தால், அசைவுக்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்துப் பதிவு செய்யும் தேர்வை இயக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் கதவைத் தாண்டிய பிறகே காட்சி தொடங்கும்.

எந்த வன்தட்டு?

பழைய கணினியில் இருந்து கழற்றிய தட்டைப் பதிவுப் பெட்டியில் போடும் வழக்கம் உண்டு. சில காலம் அது ஓடும். கணினித் தட்டு பெரும்பாலும் படிப்பதற்கும், இடையிடையே ஓய்வதற்கும் ஏற்றது; பதிவுப் பெட்டியிலோ இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே கண்ட நான்கு கேமராக்கள் ஆண்டுக்குச் சுமார் 63 டெராபைட் எழுதுகின்றன. மேசைக்கணினித் தட்டுகள் பலவற்றின் ஆண்டுப் பணிச்சுமை 55 டெராபைட் அளவில் வரையறுக்கப்படுகிறது. டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்புத் தட்டுகளில் பொதுவாக இது 180 டெராபைட். மெமரி கார்டிலும் தொடர் பதிவுக்கென நீடித்த உழைப்பு வகை தனியாக விற்கப்படுகிறது.

பெட்டியைக் காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் பூட்டி வைத்தால் தட்டு சூடாகும். வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு அடியில் வைத்தால் திருடன் அதையும் தூக்கிச் செல்வான். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் தேட வேண்டும். மின்தடையின்போது எழுதிக்கொண்டிருந்த தட்டு பழுதாகாமல் இருக்கச் சிறு யு.பி.எஸ். உதவும்.

நேரலை தெரிவது பதிவாவதற்குச் சான்றன்று

வன்தட்டு முற்றிலும் பழுதானாலும், கழன்றே போனாலும், கைபேசியில் நேரலைக் காட்சி வழக்கம்போல் தெரியும். கேமராவில் இருந்து வரும் காட்சி தட்டைத் தொடாமலே திரைக்குப் போகிறது. தட்டில் பிழை வந்தால் பெட்டி பீப் ஒலி எழுப்பும். தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அந்த ஒலியை அணைத்துவிடும் வீடுகளும் உண்டு. வாரம் ஒருமுறை முந்தைய நாள் காட்சியையும், கணக்குப்படி இருக்க வேண்டிய மிகப் பழைய நாளின் காட்சியையும் ஓடவிட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

அப்போது நேரத்தையும் பார்க்க வேண்டும். பெட்டியின் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்தால், மின்தடைக்குப் பின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். காட்சி தட்டில் இருந்தும், தேடும் தேதியில் கிடைக்காது. இணைய நேர ஒத்திசைவை இயக்கி வைப்பது நல்லது.

அமைப்புப் பட்டியலில் இரண்டு இடங்கள் கவனிக்கத்தக்கவை. மேலெழுதும் தேர்வு அணைந்திருந்தால் தட்டு நிறைந்தவுடன் பதிவு நின்றுவிடும். இன்னொன்று, சில பெட்டிகளில் உள்ள காலாவதி நாள். தட்டில் இடம் இருந்தாலும் குறித்த நாளைத் தாண்டிய காட்சி அழிக்கப்படும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல்துறையினர் பிடித்துச் சென்ற ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் இறந்த வழக்கில், விசாரணை நடத்திய நீதித்துறை நடுவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அளித்த அறிக்கை இத்தகைய ஒன்றையே சுட்டியது. வன்தட்டில் 1 டெராபைட் இடம் இருந்தும், காவல் நிலையக் காட்சிகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஜூன் 19ஆம் தேதிக் காட்சி கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதமும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வீடுகளுக்கு இது பொருந்தாது. நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் ஒரே கேமராவின் 18 மாதக் காட்சிக்குச் சுமார் 12 டெராபைட் வேண்டும் என்பதால், வீட்டில் அது நடைமுறைக்கும் ஒத்துவராது.

சம்பவம் நடந்த பின்

முதல் வேலை, அந்த நேரத்துக் காட்சியைப் பூட்டுவது. பல பெட்டிகளில் இதற்கான தேர்வு உண்டு. பூட்டிய கோப்பு மேலெழுதப்படாது. அத்தேர்வு இல்லாவிட்டால் உடனே பென் டிரைவில் படியெடுக்க வேண்டும். ஃபேட்32 வடிவில் உள்ள பென் டிரைவ் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது; காட்சியைச் சிறு துண்டுகளாக எடுத்தால் போதும். தட்டையே கழற்றி விண்டோஸ் கணினியில் இணைத்தால், அது தட்டின் வடிவமைப்பை அறியாமல் புதிதாகத் தயார் செய்யவா என்று கேட்கலாம். அதற்குச் சம்மதித்தால் காட்சி பறிபோகும்.

திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அக்கம்பக்கத்தாரை எச்சரிக்கப் போதும், வழக்குக்குப் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் படியோடு சான்றிதழும் தரப்பட வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பு குறிக்கப்படும். இது கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண். வாட்ஸ்அப் காணொளியை மீண்டும் சுருக்கி அனுப்புவதால், அதன் மதிப்பு மூலக் கோப்போடு ஒத்துப்போகாது. ஆகவே பெட்டி தந்த மூலக் கோப்பையும் அதை ஓட்டும் மென்பொருளையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

பெட்டியை விற்கும்போதும் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் வன்தட்டைக் கழற்றிக்கொள்வது வழக்கமாக வேண்டும். பெட்டியின் ஃபார்மட் தேர்வு பெரும்பாலும் கோப்பு அட்டவணையை மட்டுமே நீக்கும். வீட்டார் எப்போது வெளியே போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்ற காட்சிகள், தட்டு முழுவதும் வேறு தரவு எழுதப்படும் வரை மீட்கக்கூடியவையாகவே அதில் கிடக்கும்.