கோழித்தீவனமும் கடைசி மருந்தும்

நுண்ணுயிர் எதிரிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது நாம் பெரும்பாலும் மருத்துவமனையோடு நின்றுவிடுகிறோம். நான் இப்போது கோலிஸ்டின் என்ற மருந்தின் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1950களில் பயன்பாட்டுக்கு வந்த இம்மருந்து சிறுநீரகத்தைப் பாதித்ததால் மருத்துவர்கள் அதை ஒதுக்கிவைத்தனர். பிற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியபின், வேறு வழியின்றி மீண்டும் கையில் எடுத்தனர். அதே மருந்து பன்றி, கோழித் தீவனங்களிலும் கலக்கப்பட்டு வந்தது. நோயைத் தடுக்க மட்டுமல்ல, எடை கூட்டவும்!

2015இல் சீன ஆய்வாளர்கள், கோலிஸ்டினைச் செயலிழக்கச் செய்யும் எம்.சி.ஆர்-1 என்னும் மரபணுவைப் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டனர். அது பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. ஒரு பாக்டீரியா தன் விடைத்தாளைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் காட்டுவது போல என்றால் மாணவர்களுக்கு உடனே புரிகிறது.

2017இல் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதைச் சீனா நிறுத்தியது. பன்றிகளிலிருந்து எடுத்த ஈ.கோலை மாதிரிகளில் 34 சதவீதமாக இருந்த எதிர்ப்புத்திறன், ஓரிரு ஆண்டுகளில் சுமார் 5 சதவீதமாகக் குறைந்தது. 2019இல் இந்தியாவும் உணவுக்கான விலங்குகளுக்கு இம்மருந்தைத் தடைசெய்தது.

"அப்படியானால் சத்துணவு முட்டையைச் சாப்பிடலாமா, சார்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். சாப்பிடலாம். நன்கு வெந்த முட்டையில் பாக்டீரியா பிழைப்பதில்லை. ஆனால் பண்ணைக் கழிவோடு வயலுக்கும் நீர்நிலைக்கும் போகும் மரபணுவை எந்த அடுப்பில் வேகவைப்பது?