லினக்ஸ் ரிமோட் டெஸ்க்டாப்: இணைப்பு எங்கே அறுகிறது?

ரிமோட் டெஸ்க்டாப் என்பது ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் திரையை வேறோர் இடத்துக்கு வரவழைத்து, அங்கிருந்தபடியே அதில் வேலை செய்யும் வசதி. விண்டோஸில் திரை, லாகின், இணைப்பு முறை மூன்றையும் மைக்ரோசாஃப்ட் ஒன்றே செய்து தருகிறது. பெரும்பாலும் ஒரு பொத்தானைத் தட்டினால் வேலை முடிந்தது. லினக்ஸில் திரையைத் தீட்டும் மென்பொருள் ஒரு குழுவினுடையது, டெஸ்க்டாப் இன்னொரு குழுவினுடையது, திரையை வெளியே அனுப்பும் சர்வர் வேறொருவருடையது. பழுது இவற்றுள் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். பயனர் கண்ணில் படுவதோ எப்போதும் ஒன்றுதான்: திரை வரவில்லை. இணைப்பு எந்தக் கட்டம் வரை போய் நின்றது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. அதைப் பார்க்காமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால் ஒரு பழுது மூன்றாகும்.

இந்தச் சிதறலுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. யூனிக்ஸ் உலகின் திரை அமைப்பான எக்ஸ் விண்டோ 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் புழங்கும் அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. ஒரு கணினியில் ஓடும் நிரல் இன்னொரு கணினியின் திரையில் தோன்றும் வசதி தொடக்கத்திலிருந்தே அதற்குள் இருந்தது. வேகம் குறைந்த இணைப்புகளில் அது தள்ளாடியது. 1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி–ஆரக்கிள் ஆய்வகத்தில் விஎன்சி உருவானது. திரையில் மாறிய பகுதிகளை மட்டும் செவ்வகத் துண்டுகளாக வெட்டி அனுப்புவது அதன் முறை. மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி, 1998இல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வருடன் வந்தது. லினக்ஸ் கணினியை அதே ஆர்டிபி மொழியில் பேச வைக்கும் திறமூல மென்பொருள் எக்ஸ்ஆர்டிபி. விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப் நிரலைக் கொண்டு லினக்ஸுக்குள் நுழைய முடிவதால் அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் அதற்கு மவுசு அதிகம்.

முறை எதுவானாலும் முதலில் தெளிவாக வேண்டியது ஒன்று. கணினியின் மானிட்டரில் ஏற்கெனவே தெரியும் திரையைத்தான் பார்க்க வேண்டுமா, அல்லது மானிட்டரோடு தொடர்பில்லாத புதிய செஷனைத் திறக்க வேண்டுமா? முன்னது திரைப் பகிர்வு; எக்ஸ்11விஎன்சி, க்னோம் என்ற டெஸ்க்டாப்பில் உள்ள டெஸ்க்டாப் ஷேரிங் ஆகியவை இந்த வகை. பின்னது தனி லாகின். எக்ஸ்ஆர்டிபியும் டைகர்விஎன்சியின் வழக்கமான சர்வரும் இதைச் செய்கின்றன. அலுவலகக் கணினியில் திறந்து வைத்த கோப்பு, வீட்டிலிருந்து எக்ஸ்ஆர்டிபி வழியாக நுழைந்தால் தெரியவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். கோப்பு எங்கும் போய்விடவில்லை. அது வேறு செஷனில் இருக்கிறது. உபுண்டு லினக்ஸின் 24.04 பதிப்பில் டெஸ்க்டாப் ஷேரிங், ரிமோட் லாகின் என இரண்டும் அமைப்புகள் பக்கத்தில் தனித்தனியாகவே தரப்பட்டுள்ளன.

அடுத்தது நெட்வொர்க். இங்கே பிழைச் செய்தியின் சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் அந்த முகவரியில் ஒரு கணினி உயிரோடு இருக்கிறது, ஆனால் கேட்ட போர்ட்டில், அதாவது எண்ணிட்ட நுழைவாயிலில், எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்று பொருள். கதவைத் தட்டியதும் உள்ளே இருப்பவர் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று சொல்லி அனுப்புவது போல. நெடுநேரம் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்று வந்தால் பதில் சொல்லவே ஆளில்லை: ஐபி முகவரி தவறு, கணினி அணைந்திருக்கிறது, அல்லது ஃபயர்வால் கேட்டதை ஓசையில்லாமல் விழுங்கிவிட்டது. ஃபயர்வாலே மறுப்புச் சொல்லி அனுப்பும்படி அமைந்த இடங்களும் உண்டு என்பதால் இது இரும்பு விதியன்று. ஆனாலும் முதல் வகைக்கு சர்வர் நிரலையும் இரண்டாம் வகைக்கு வழியையும் பார்க்கத் தொடங்குவது வீணாவதில்லை.

ஆர்டிபிக்கு 3389, விஎன்சிக்கு 5900 என்பவை வழக்கமான போர்ட்டுகள். விஎன்சியில் திரை எண்ணை 5900உடன் கூட்டிக்கொள்ள வேண்டும். முதலாம் திரை என்றால் 5901. உபுண்டு 24.04இல் ரிமோட் லாகினையும் டெஸ்க்டாப் ஷேரிங்கையும் சேர்த்து இயக்கினால் 3389 முன்னதற்குப் போய், பகிர்வு 3390க்கு நகர்ந்துவிடும். எந்த போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது என்று பட்டியலிட 'எஸ்எஸ்' என்ற இரண்டெழுத்துக் கட்டளை இருக்கிறது. பட்டியலில் போர்ட் எண் இருந்தால் மட்டும் போதாது, அதன் முன்னால் உள்ள முகவரியையும் பார்க்க வேண்டும். 127.0.0.1 என்றிருந்தால் அந்த நிரல் தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே ஏற்கும். வெளியிலிருந்து எத்தனை முறை முயன்றாலும் மறுப்புதான். டெபியனிலும் உபுண்டுவிலும் டைகர்விஎன்சி தானாகவே இப்படித்தான் அமைகிறது. பார்ப்பதற்குப் பழுது போல் தெரிந்தாலும் இது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பின் வழியாக ஒரு சுரங்கம் அமைத்து, தன் கணினியின் 5901ஐ அந்தக் கணினியின் 5901உடன் பிணைத்துவிட்டு, விஎன்சி நிரலில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் திரை வந்துவிடும்.

ஒரே வைஃபைக்குள் இணைப்பு வருகிறது, ஊர் மாறினால் வரவில்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்வதற்கில்லை. 192.168 என்று தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டும் செல்லும். ரூட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை என்றால், ரூட்டரின் வெளிமுகவரியைப் பார்க்க வேண்டும். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் அது தொடங்கினால், இணையச் சேவை நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அங்கே போர்ட் திறப்பது வீண் வேலை. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் எளிய வழி. பொது முகவரி உள்ளவர்களுக்கும் விபிஎன்தான் நல்லது. 3389ஐ இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைத்தால், பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் விரைவிலேயே வந்து சேரும்.

காலையில் வந்த இணைப்பு மாலையில் வரவில்லை என்றால் கணினி தூங்கிப்போயிருக்கலாம். க்னோமில் யாரும் தொடாமல் விட்டால் கணினியைத் தானே உறங்க வைக்கும் அமைப்பு உண்டு. லாகின் திரைக்கு அது தனியாக இருப்பதால், பயனர் தன் கணக்கில் அதை அணைத்து வைத்திருந்தும் கணினி உறங்கிவிடுவது நடக்கும்.

போர்ட் வரை சென்று பாஸ்வேர்டில் நின்றால் அது எந்தப் பாஸ்வேர்டு என்று கேட்க வேண்டும். எக்ஸ்ஆர்டிபி கேட்பது லினக்ஸ் கணக்கின் பாஸ்வேர்டை. க்னோமின் டெஸ்க்டாப் ஷேரிங் கேட்பது அதற்கென்று அமைப்புகள் பக்கத்தில் தனியாகக் கொடுத்ததை. அந்தத் தனிப் பாஸ்வேர்டு பயனரின் கீரிங் என்ற பூட்டிய பெட்டகத்தில் இருக்கிறது. பயனர் பாஸ்வேர்டு கொடுத்து லாகின் செய்யும்போதுதான் பெட்டகம் திறக்கும். கணினி தானாகவே லாகின் ஆகும்படி அமைத்திருந்தால் பெட்டகம் பூட்டியபடியே இருக்கும். சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் இணைப்பு கிடைக்காது. வசதிக்காகச் செய்த ஆட்டோ லாகின் ரிமோட் இணைப்பைக் கெடுக்கும் இந்த முரண், உபுண்டு 22.04இல் பலரை அலைக்கழித்தது. விஎன்சியின் பழைய பாஸ்வேர்டு முறைக்கோ வேறொரு வரம்பு: முதல் 8 எழுத்துகளை மட்டுமே அது பார்க்கும்.

எல்லாவற்றிலும் அதிகம் கேட்கப்படும் புகார் கறுப்புத் திரை. எக்ஸ்ஆர்டிபியில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்ததும் ஒரு சிறிய பெட்டியில், லாகின் வெற்றி, திரை எண் 10 என்பது போன்ற வரிகள் ஓடும். 10 என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. மானிட்டரின் திரையோடு மோதாமலிருக்க அது அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது. அந்த வரிகள் வந்துவிட்டால் நெட்வொர்க், பாஸ்வேர்டு இரண்டும் சரி. அதற்குப் பின் திரை கறுத்து நின்றாலோ, ஒரு கணம் மின்னி இணைப்பு மூடிக்கொண்டாலோ, டெஸ்க்டாப் தொடங்கிய வேகத்தில் செத்துவிட்டது என்று பொருள். ஃபயர்வாலை இந்தக் கட்டத்தில் தொடுவது நேரத்தைப் பாழாக்கும். பார்க்க வேண்டியது லாக் கோப்பை. வார் என்ற அடைவுக்குள் லாக் என்ற அடைவில் எக்ஸ்ஆர்டிபிக்கு ஒன்றும், செஷனைத் தொடங்கும் அதன் துணை நிரலான செஸ்மேனுக்கு ஒன்றுமாக இரு கோப்புகள் இருக்கும். செஸ்மேனின் கோப்பில், விண்டோ மேனேஜர் தொடங்கி 0 விநாடியில் முடிந்துவிட்டது, அமைப்பில் கோளாறு இருக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி கண்டால் நோய் தெரிந்துவிட்டது.

காரணங்களில் முதலிடம், அதே பயனர் கணினியின் மானிட்டரிலும் லாகின் செய்திருப்பது. இன்றைய லினக்ஸில் ஒரு பயனருக்கு டி-பஸ் என்ற செய்தித் தடம் ஒன்றுதான். க்னோம் தன் உறுப்புகளை அந்தத் தடத்தில் பெயர் பதிந்து வைக்கிறது. இரண்டாவதாக வரும் க்னோம் அதே பெயர்களைப் பதிய முயன்று, இடமில்லாமல் வெளியேறுகிறது. மானிட்டரில் லாக் அவுட் செய்தால் தீர்ந்தது. திரையைப் பூட்டி வைப்பது போதாது. இதற்கென்றே தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்வதும் நல்ல வழி. செஷனைத் தொடங்கும் கோப்பில் டி-பஸ் முகவரியை அழித்துவிடும் வரியைச் சேர்ப்பது பரவலாகச் சொல்லப்படும் வைத்தியம். அது பலருக்குப் பலித்தாலும் ஒட்டுப்போடும் வேலைதான்.

எந்த டெஸ்க்டாப்பைத் தொடங்குவது என்றே சர்வருக்குத் தெரியாமல் போவது இன்னொரு காரணம். எக்ஸ்எஃப்சிஇ நிறுவியிருந்தால், ஹோம் அடைவில் எக்ஸ்செஷன் என்ற பெயரில், முன்னால் புள்ளி வைத்து, ஒரு கோப்பு திறந்து அந்த டெஸ்க்டாப்பைத் தொடங்கும் கட்டளையை எழுதினால் போதும். விஎன்சியில் சாம்பல் நிறத் திரை மட்டும் வந்தால் அதன் தொடக்கக் கோப்பு இல்லை, அல்லது அதற்கு இயங்கும் அனுமதி இல்லை. இவை எதுவும் இல்லையென்றால் டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செஷன் தொடங்கும்போது சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத ஒரு கிலோபைட் இடமில்லாவிட்டாலும் டெஸ்க்டாப் எழாது. எப்போதோ ரூட் என்ற நிர்வாகி உரிமையில் ஒரு நிரலை ஓட்டியதால் ஹோமில் உள்ள எக்ஸ் அனுமதிக் கோப்பு ரூட்டின் உடைமையாகிவிட்டால், பாஸ்வேர்டு கொடுக்கக் கொடுக்க லாகின் திரையே திரும்பத் திரும்ப வரும். உரிமையைப் பயனர் பெயருக்கு மாற்றியதும் சரியாகிவிடும்.

அண்மை ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் சிக்கல் வேலண்ட். 2008இல் தொடங்கிய இந்தப் புதிய திரை அமைப்பு, ஒரு நிரல் மற்ற நிரல்களின் திரையை எட்டிப் பார்ப்பதைத் தடுக்கிறது. எக்ஸில் எந்த நிரலும் முழுத் திரையையும் படிக்கலாம் என்பதால் அந்தத் தடை வரவேற்கத்தக்கது. ஆனால் எக்ஸ்11விஎன்சி போன்ற பழைய கருவிகள் பிழைத்தது அந்த ஓட்டையில்தான். வேலண்டில் அவை பயன்படா. அங்கே திரையை அனுப்பும் வேலையை டெஸ்க்டாப்பே ஏற்க வேண்டும். க்னோம் 42ஆம் பதிப்பில், 2022இல், ஆர்டிபி வந்தது. தனி லாகின் வசதி 2024இல் 46ஆம் பதிப்பில் வந்தது. இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ அதே ஆண்டில் பிளாஸ்மா 6.1இல் தன் ஆர்டிபி சர்வரைச் சேர்த்தது. இணையத்தில் காணும் பழைய குறிப்புகள் இன்று பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் வேலண்டுக்கான இந்த மாற்றமே காரணம். எந்தக் குறிப்பைப் பின்பற்றும் முன்பும், ஓடுவது எக்ஸா வேலண்டா என்று அமைப்புகளின் 'அபவுட்' பக்கத்தில் பார்த்துக்கொள்வது நலம். மானிட்டரே இணைக்காத கணினியில் திரைப் பகிர்வு கறுப்பாகவோ மிகச் சிறிய அளவிலோ வருவதும் உண்டு. மானிட்டர் இருப்பதாக நம்பவைக்கும் போலி எச்டிஎம்ஐ செருகியைக் கடைகளில் வாங்கிச் செருகினால் அது தீரும்.

இணைப்பு வந்தபின் எழும் தொல்லைகள் சிறியவை. மெதுவாக இருந்தால் வால்பேப்பரையும் அசைவு அலங்காரங்களையும் எடுத்துவிட்டு, க்னோமுக்குப் பதிலாக எக்ஸ்எஃப்சிஇயைப் பயன்படுத்தலாம். நிற ஆழத்தைக் குறைத்தாலும் வேகம் கூடும். ஆனால் எக்ஸ்ஆர்டிபி பழைய செஷனை அடையாளம் காணும்போது நிற ஆழத்தையும் கணக்கில் எடுப்பதால், அதை மாற்றினால் பழைய திரைக்குப் பதில் புதிய திரை வரக்கூடும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆர்டிபி பெரும்பாலும் அனுப்புவது எழுத்தையன்று, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை. ஆகவே தமிழ்99 விசைப்பலகையை அந்தப் பக்கத்து லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாக அமைத்து, இந்தப் பக்கத்தை ஆங்கிலத்திலேயே விட வேண்டும். இரண்டு பக்கமும் தமிழ் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றைத் தொலைவிலிருந்து செய்ய எஸ்எஸ்எச் இருந்தாக வேண்டும். திரை வராத கணினிக்குள்ளும் அது நுழையவிடும். கணினியை ஓரிடத்தில் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பும் முன், எஸ்எஸ்எச் சர்வரை நிறுவி, ஃபயர்வாலில் 22ஆம் போர்ட்டைத் திறந்து, வேறொரு கணினியிலிருந்து ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.