உங்களுக்குத் தெரியுமா? மாணவர் கையில் ஓர் இன்ஜின் உதிரி

பிஸ்டன் வட்டமானது அல்ல. கண்ணுக்கு வட்டமாகத் தெரியும். மைக்ரோமீட்டரை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். பிஸ்டன் பின் (pin) செல்லும் திசையில் விட்டம் சற்றுக் குறைவாகவும், அதற்குக் குறுக்கே சற்று அதிகமாகவும் இருக்கும். தலைப்பக்கம் ஒடுங்கி, கீழே அகன்றிருக்கும். பின்னைத் தாங்கும் இடத்தில் உலோகம் அதிகம் என்பதால் சூட்டில் அந்தத் திசையில் கூடுதலாக விரியும். தீ எரியும் தலைப்பக்கம் இன்னும் அதிகமாக விரியும். இந்த விரிவையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டுக் கழித்துத்தான் பிஸ்டனைக் கடைகிறார்கள். தொழிற்சாலைகளில் இதற்கென்றே தனி லேத் உண்டு: கடையப்படும் ஜாப் ஒரு சுற்றுச் சுற்றும்போது டூல் இரண்டு முறை முன்னும் பின்னும் போய்வரும். கல்லூரி லேத்தில் வட்டம் பிசகாமல் கடைந்த பிஸ்டனைக் குறைந்த இடைவெளியில் மாட்டினால், இன்ஜின் சூடேறியதும் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளும். முதல் புராஜெக்டுக்குப் பிஸ்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

அளவுக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட ஒரு வெப்பநிலை இருக்கிறது: 20 டிகிரி செல்சியஸ். 1931 முதல் பன்னாட்டளவில் இதுவே நடைமுறை. வரைபடத்தில் 80 மி.மீ. என்று போட்டிருந்தால், 20 டிகிரியில் 80 மி.மீ. என்று பொருள். நம் ஊர்ப் பட்டறையில் 35 டிகிரி வெயிலில் அந்த அளவுள்ள அலுமினிய ஜாப் ஏறக்குறைய 28 மைக்ரான் பெருத்திருக்கும். எஃகு என்றால் அதில் பாதி. அலுமினிய ஜாப்பில் பேரிங் உட்காரும் இடத்துக்கு மொத்தமே 20 மைக்ரான்தான் விலக்கு (டாலரன்ஸ்) கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த விலக்கு முழுவதையும் வெயிலே தின்றுவிடும். கடைந்த சூட்டோடு அளக்காதே, ஆறவிடு என்று பட்டறைப் பெரியவர்கள் அதட்டுவதில் இத்தனை கணக்கு இருக்கிறது.

கணினி கட்டுப்படுத்தும் சி.என்.சி. இயந்திரத்துக்கு எழுதும் கட்டளையில் புள்ளி வைக்க மறந்தால் என்ன ஆகும்? ஃபானுக் வகைக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் ‘இசட்50.’ என்றால் 50 மி.மீ.; கடைசிப் புள்ளி விட்டுப்போனால் அது 50 மைக்ரான். டூலை ஜாப்புக்கு 50 மி.மீ. மேலே தூக்கிவிட்டோம் என்று மாணவர் நினைத்துக்கொண்டிருப்பார். அது முடியளவு உயரத்தில் நின்று, அடுத்த வரியில் கிளாம்பை நோக்கி முழு வேகத்தில் பாயும்.

அந்தப் பாய்ச்சலிலும் ஒரு செய்தி உண்டு. ‘ஜி00’ என்ற விரைவு நகர்வு பல இயந்திரங்களில் நேர்கோட்டில் போகாது. ஒவ்வோர் அச்சும் தன் தன் முழு வேகத்தில் ஓடி, குறைந்த தூரம் உள்ள அச்சு முதலில் நின்றுவிடும். பாதை நடுவே மடியும். திரையில் நேர்கோடாகத் தெரிந்த வழியில் தடங்கல் ஏதும் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பதை எந்த அவசரத்திலும் கைவிடக் கூடாது.

சி.என்.சி.யின் பிறப்புக்கும் ஹெலிகாப்டருக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாக வெட்ட வழி தேடினார். வளைவின் புள்ளிகளைத் துளையட்டைக் கணிப்பொறியில் கணக்கிட்டு, அந்த எண்களைக் கொண்டே மில்லிங் செய்யலாம் என்று கண்டார். 1949இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது, எம்.ஐ.டி. ஆய்வகம் வேலையில் இறங்கியது. 1952இல் துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் இயந்திரம் காட்சிக்கு வந்தது.

அதற்கும் முன்னால் போனால், ஜேம்ஸ் வாட்டின் நீராவி இன்ஜின் காகிதத்தை விட்டு நகரவே ஒரு கடைசல்காரர் தேவைப்பட்டார். 1769இல் காப்புரிமை பெற்ற வாட், நீராவி ஒழுகாத வட்டச் சிலிண்டர் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் தவித்தார். பீரங்கிக் குழாய் குடைவதில் தேர்ந்த ஜான் வில்கின்சன், குடையும் தண்டை இரு முனையிலும் தாங்கிப் பிடிக்கும் இயந்திரம் அமைத்து 1775 வாக்கில் அந்தச் சிலிண்டரைக் கொடுத்தார். பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுக்குக்கூடப் பிசகில்லை என்று வாட்டின் கூட்டாளி பௌல்ட்டன் பெருமைப்பட்டு எழுதினார். அன்று அது சாதனை. இன்று இரண்டாம் ஆண்டு மாணவர் அதைவிடப் பல மடங்கு துல்லியமாகக் குடைகிறார்.

இனி, மாணவர் புராஜெக்டுகளிலேயே என் மனத்துக்கு மிகப் பிடித்த உதிரி. கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேயில், மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தய கார்களோடு ‘ஃபார்முலா பாரத்’ போட்டிக்கு வருகிறார்கள். 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியின் வழியில் வந்தது இது. இவ்வகைப் போட்டிகளில் பெட்ரோல் வண்டிகளுக்கு ஒரு கண்டிப்பான விதி: இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். 600 சி.சி. மோட்டார் சைக்கிள் இன்ஜின் சாலையில் நூறு குதிரைத்திறனைத் தாண்டும். இந்தத் துளையை மாட்டினால் எண்பதை ஒட்டி நின்றுவிடும்.

ஏன்? காற்று அந்தக் கழுத்தில் ஒலியின் வேகத்தை எட்டியதும், இன்ஜின் எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு மேல் வராது. கணக்குப் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 74 கிராம் காற்று, அவ்வளவுதான். அந்த எல்லையை நெருங்குவதற்கே குழாயின் உள்வடிவம் சரியாக இருக்க வேண்டும். கழுத்துக்கு முன்னால் வழுவழுப்பாகக் குறுகி, பின்னால் மெல்ல விரியும் கூம்பு வேண்டும். அந்தக் கூம்பு பக்கத்துக்கு ஏழு டிகிரிக்கு மேல் அவசரமாக விரிந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும். கடைவதோ பெரும்பாடு. கழுத்து சிறியது, கூம்பு நீளமானது. ஆகவே இரு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க வேண்டும். ஜாப்பைத் திருப்பி மாட்டும்போது மையம் நூலளவு விலகினாலும் கழுத்தில் ஒரு படி விழும். அந்தப் படியில் காற்று தடுக்கும். திருப்பி மாட்டியபின் டயல் கேஜை வைத்துப் பொறுமையாக மையம் பார்த்தவர்களின் வண்டிக்கு அதற்கான பலன் கிடைக்கும். துளை பெரிதாகிவிட்டாலோ, சோதனையிலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தப் போட்டிக்காக 430 சி.சி. அளவில் இரட்டைச் சிலிண்டர் டர்போ இன்ஜின் ஒன்றைத் தாங்களே வடிவமைத்தார்கள்.

மீண்டும் லேத்துக்கு வருவோம். ஃபீடைப் பாதியாகக் குறைத்தால் மேற்பரப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு வழவழப்பாகும். 0.8 மி.மீ. மூக்கு வளைவுள்ள இன்சர்ட்டில் ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீடு கொடுத்தால் மேடு பள்ளம் 6 மைக்ரானை ஒட்டி இருக்கும், 0.1 கொடுத்தால் ஒன்றரை. இது ஏட்டுக் கணக்கு. அதிர்வும் தேய்ந்த டூலும் இதைக் கெடுக்கும்.

ஆனால் எல்லா இடத்திலும் வழவழப்பு நல்லதல்ல. சிலிண்டரின் உட்சுவரில் ஹோனிங் செய்து குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே விடுகிறார்கள். அந்தக் கீறல்களில் எண்ணெய் தங்கும். கண்ணாடி போலத் தேய்த்துவிட்டால் எண்ணெய் நிற்காது, ரிங்கும் சுவரும் சரியாகப் படியாது.

கிராங்க் தண்டு உடைவது பெரும்பாலும் மெலிந்த இடத்தில் அல்ல, கூர்மையான உள்மூலையில். விட்டம் மாறும் இடத்தில் சிறு வளைவு கொடுக்காமல் செங்குத்தாக வெட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் அந்த மூலையில் குவிந்து நாளடைவில் விரிசல் விழும். ஒரே சுமை திரும்பத் திரும்ப விழுந்தால் உலோகம் களைத்து முறியும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் அவுகுஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைக் கொண்டு நிறுவினார். மாணவர்களின் வரைபடத்தில் நான் முதலில் தேடுவது இந்த மூலை வளைவைத்தான்.

கைவேலையால் கற்பதற்கு நம் ஊர் முன்னோடி கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடு. இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டியே இயந்திரத்தைக் கற்றவர். ஏட்டுப் பாடத்தில் நான்காண்டைக் கழிப்பது வீண் என்று வாதிட்டவர். 1945இல் அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் எழுந்த ஆர்தர் ஹோப் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

இன்றும் இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்கி, அட்டை போட்டுச் சமர்ப்பிக்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. வருத்தமாக இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் இயந்திரம் நின்றும் தொடாமல் பட்டம் வாங்கிப் போகிறார்கள். பெற்றோரே, ஆசிரியரே, புராஜெக்ட் அறிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். கடைந்த உதிரியைக் காட்டச் சொல்லுங்கள். வீணாய்ப்போன முதல் உதிரியையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் அளந்த தாளை அவர்களே எழுதியிருந்தால் மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுங்கள்.