வாடும் குறுமரமும் சாடி மாற்றும் பருவமும்

வீட்டினுள்ளே வைத்து வளர்க்கும் குறுமரம் இலையுதிர்த்துச் சோர்ந்தவுடன், அதனைக் கிளப்பிப் புதுச் சாடியில் நடுவதே மருந்தென்று பலர் கருதுகின்றனர். சோர்ந்த மரங்களுட் பல அம்மருந்தினாலேயே மடிகின்றன.

‘போன்சாய்’ என்னும் யப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்பது பொருள். சீனத்திலே தோன்றி யப்பானிலே செழித்த இக்கலை இன்று யாழ்ப்பாணத்து விறாந்தைகளுக்கும் வந்துவிட்டது. நமக்கு அது முற்றும் புதியதன்று. பாழ்மதிலின் வெடிப்பிலே பல்லாண்டு நின்றும் முழவுயரமே வளர்ந்த அரசங்கன்றைக் காணாதார் யார்? வேருக்கு இடங் குறைந்தால் மரமுங் குறுகும். ஆயினும் மதில்மரத்துக்கு வெயிலும் காற்றும் குறைவில்லை. அறையினுள் நிற்பதற்கோ அவை நாம் அளித்தாலன்றி இல்லை.

தொல்காப்பிய மரபியல் இலை, முறி, தளிர், அரும்பு முதலியவற்றை மரத்துக்குரிய சொற்களாக வகுத்தோதும். வழக்கிலோ கொழுந்து, பழுப்பு, சருகு என இலையின் பருவந்தோறும் ஒரு சொல் உண்டு. மரம் வளர்ப்போனும் இவ்வேறுபாடறிந்து நோக்கல் வேண்டும். விறாந்தையிலிருந்து அறைக்குள் மாற்றிய சில கிழமைகளில் ஆலின மரங்கள் பச்சையிலையையும் உதிர்ப்பதுண்டு. அஃது ஒளிக்குறைவின் முறையீடு, சாடியின் குற்றமன்று. சாளரத்தோரம் வைத்துப் பொறுத்திருந்தால் மீளத் தளிர்க்கும். படுக்கையை மாற்றுவதால் காய்ச்சல் தீருமா? யூனிப்பர் என்னும் ஊசியிலை மரமோ வீட்டினுள் வாழவே ஒருப்படாது. அதற்கு எத்தனை சாடி மாற்றியும் பயனில்லை.

சாடி மாற்றலே தீதென்பது எம் கருத்தன்று. 1625 முதற் பேணப்பட்ட வெண்பைன் ஒன்று, 1945இல் ஹிரோசிமாவிலே யமாகி குடும்பத்தாரின் தோட்டத்தில் அணுகுண்டுக்குத் தப்பி, 1976இல் வாஷிங்டன் தேசிய மரத்தோட்டத்துக்கு அன்பளிப்பாகச் சென்றது. வேரை அரிந்து மண்ணைப் புதுக்கும் கைகள் தலைமுறைதோறும் இல்லையாயின் தட்டிலே நானூறு ஆண்டு வாழ்தல் இயலாது.

சாடியே காரணமென்று அறிவது எங்ஙனம்? ஊற்றிய நீர் இறங்காது மேலே தேங்கும். மெல்லக் கழற்றிப் பார்த்தால் வேர்கள் சுவரைச் சுற்றிப் பாய்போற் பின்னியிருக்கும். இந்நிலையிலும் மரம் உரத்தோடிருப்பின் அவசரம் வேண்டா. மாரிமழை ஓய்ந்து, மாசி பங்குனியில் வெம்மை ஏற, நுனிமொட்டுப் பருக்கும் வேளையே ஆலினத்துக்கு ஏற்றது. நாட்காட்டியினும் மொட்டே நம்பத்தக்கது. அப்பொழுதும் வேரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அரிதல் ஆகாது. சோளகம் வறண்டு வீசும் மாதங்களை விலக்குதல் நன்று.

வேரழுகலுக்கு மட்டும் பருவம் பார்த்தல் கூடாது. மண் புளித்து நாறி, வேர் கறுத்துக் குழைந்திருப்பின் எம்மாதமாயினும் அன்றே கழற்றி, அழுகியதை மட்டும் நீக்கி, நல்ல வேரைத் தொடாது நடல் வேண்டும்.

இனி மண். மருதனார்மடத்தைச் சூழ்ந்த வலிகாமத்துச் செம்பாட்டு மண் தோட்டத்திலே பொன் விளைக்கும். ஆழமற்ற சாடியிலே தனித்திட்டால் இறுகி வேரின் மூச்சை அடைக்கும். நொறுக்கிச் சலித்த செங்கற்றுண்டும் பருமணலும் கலந்து கொள்க. நம் கிணற்றுநீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது. சாடி விளிம்பிற் படியும் வெண்பொருக்கு அதன் அடையாளம். மழைநீரைச் சேர்த்து வைத்திருப்போர் இடையிடையே அதனை ஊற்றலாம். நட்டபின் இரண்டு மூன்று கிழமை கடுவெயில் படாது வைத்து, புதுத்தளிர் தோன்றும்வரை பசளையிடாதிருத்தல் வேண்டும்.