நீங்க சொல்லலை, நான் கேட்கலை!

'நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்', 'உங்களுக்கே தெரியும்னு நினைச்சேன்' - கல்யாண வீட்டில் இப்படியென்றால் பாயசம் தீயும். ஆகாயத்தில்?

1974 டிசம்பர் 1. வாஷிங்டன் அருகே டலஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514-க்கு, 'அப்ரோச்சுக்கு அனுமதி' என்றார் கன்ட்ரோலர். எவ்வளவு உயரம் என்று சொல்லவில்லை. 'அனுமதிதான் வந்தாச்சே' என்று விமானி 1,800 அடிக்கு இறக்கத் தொடங்கினார். உயரத்தை அவரே பார்த்துக்கொள்வார் என்று கன்ட்ரோலர் இருந்துவிட்டார். நடுவே மலை. 92 பேரும் போய்விட்டார்கள்.

யார் தப்பு? விசாரணைக் குழுவே 3-க்கு 2 என்று பிரிந்தது!

ஆறு வாரம் முன்புதான் வேறு கம்பெனி விமானம் அங்கேயே மயிரிழையில் தப்பியிருக்கிறது. விஷயம் எல்லாருக்கும் போகவில்லை. 'தப்பிச்சோம்' என்பதை விமானிகள் பயமில்லாமல் எழுதிப்போட 1976-ல் நாசாவிடம் ஏற்பாடு வந்தது.

பி.காம். படித்த எனக்குத் தெரிந்த வரை, நஷ்டத்தை மறைக்கிற கணக்குதான் பெரிய நஷ்டம்.