சொர்க்கவாசல் பெயரில் ஒரு மதகு

நோய் எதிர்ப்புப் பணியிலுள்ள டி அணுக்கள், கிருமியின் தடயம் பட்டதும் வெளியிலிருந்து கால்சியத்தை உள்ளே இழுக்கும். அந்த வரத்து கால்சிநியூரின் நொதியைத் தூண்ட, அது என்ஃபேட் புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பி மரபணுக்களை இயக்குகிறது. இந்தத் தொடரை நெடுங்காலம் ஆராய்ந்தவர் இந்திய வம்சாவளி அறிவியலாளர் அஞ்சனா ராவ். சிறுநீரக மாற்றுக்குப் பின் தரப்படும் சைக்ளோஸ்போரின் மருந்து தடுப்பதும் இதைத்தான். ஆனால் கால்சியம் நுழையும் மதகு எது? அது நெடுநாள் புதிர். கடும் எதிர்ப்பாற்றல் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளின் மரபணுவைத் துருவி, ஸ்டெஃபான் ஃபெஸ்கே உள்ளிட்டோருடன் ராவ் 2006இல் விடை கண்டார்: ஓராய்-1. கிரேக்கப் புராணத்தில் சொர்க்கவாசல் காப்போரின் பெயர் அது, பொருத்தமான பெயர்தான். அக்குழந்தைகளிடம் அதன் 91ஆவது அமினோ அமிலம் மாறியிருந்தது; மதகு வேலை செய்யவே இல்லை.